பூனைகளை ஒப்படைக்கும் சேவைகள்: வீடு மாறுமுன் எது கைகொடுக்கும், எது கைவிடும்

வீடு மாறும்போது கூட்டிப்போக முடியாத ஒன்பது பூனைகளுக்குப் புது வீடு தேடுபவருக்கான மதிப்பீடு இது. ஒரு பூனைக்கு நல்ல வீடு பார்த்துக் கொடுத்த சேவை ஒன்பது பூனைகளுக்கும் அப்படியே பார்த்துக் கொடுக்கும் என்று நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். காப்பகம், வளர்ப்பவரே பதிவு போடும் நேரடித் தத்தெடுப்புப் பட்டியல், புது வீடு கிடைக்கும்வரை தங்கள் வீட்டில் வைத்துப் பார்க்கும் தற்காலிக வளர்ப்பாளர் குழு, பண்ணைக் கொட்டகைகளில் எலி பிடிக்கப் பூனை வைக்கும் கொட்டகைப் பூனைத் திட்டம், "எல்லாவற்றையும் நானே எடுத்துக்கொள்கிறேன்" என்று வரும் ஆள் என வீடு மாறுபவருக்கு முன்னால் இருப்பவை இவ்வளவுதான். இவற்றை மதிப்பிட நாங்கள் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே: கூட்டத்திலேயே கடினமான பூனையை அந்தச் சேவை என்ன செய்யும்? குட்டியையும், கேட்காமலே மடியில் ஏறும் இரண்டு வயதுப் பூனையையும் யார் வேண்டுமானாலும் ஒப்படைத்துவிடுவார்கள். பதின்மூன்று வயதில் சிறுநீரகக் கோளாறோடு இருப்பதும், ஆள் வந்தாலே அலமாரிக்குப் பின்னால் போய்விடுவதும்தான் சேவையின் தரத்தைக் காட்டும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பன்னிரண்டு வாரம் கையில் இருந்தால் நேரடிப் பட்டியல் சேவைக்கே முதலிடம். ஆறு வாரம்தான் என்றால் பட்டியலோடு, இடம் இருக்கும்போது மட்டும் சேர்க்கும் காப்பகத்திலும் பெயரைப் பதிந்து வைக்க வேண்டும். ஒரே வாரம் என்றால் எதுவும் சரியாக வேலை செய்யாது. பூனைகளைக் கட்டணத் தங்குமிடம் ஒன்றில் விட்டுவிட்டு, மாறிய பிறகு தேடலைத் தொடர்வது மேல். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது.

சேவையைக் கூப்பிடுமுன்

எந்தச் சேவையும் கேட்கும் முதல் கேள்விகள் ஒன்றேபோல இருக்கும்: கருத்தடை ஆயிற்றா, தடுப்பூசி எப்போது, வைரஸ் பரிசோதனை முடிவு என்ன, தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சிப் இருக்கிறதா. இவற்றுக்குப் பதில் இல்லாத பூனை வரிசையில் கடைசிக்குப் போய்விடும். ஒன்பது பூனைக்கும் தனித்தனிக் கோப்பு இருப்பவரிடம் சேவைக்காரர்கள் பேசும் தொனியே வேறு.

கருத்தடையைத் தள்ளிப்போடக் கூடாததற்குக் காரணம் எளிய கணக்கு. பெட்டைக் குட்டி நான்கு மாதத்திலேயே சினையாக முடியும். சினைக்காலம் ஏறக்குறைய 63 முதல் 65 நாள். பன்னிரண்டு வாரத் திட்டத்தின் தொடக்கத்தில் ஒரு பெட்டை சினைப்பட்டால், வீடு மாற்றும் வண்டி வரும் வாரத்தில் கண்திறந்த குட்டிகள் இருக்கும். கடுவனுக்கு அறுவை முடிந்தாலும் சில வாரங்கள் வரை சினைப்படுத்தும் திறன் மிச்சமிருக்கும். அதனால் "இன்றுதான் செய்துவிட்டோமே" என்று அன்றிரவே பெட்டைகளோடு விடக் கூடாது. ஒரு கிலோ எடை வந்த ஆரோக்கியமான குட்டிக்கு எட்டு வாரத்திலேயே செய்யும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள்.

இரத்தப் பரிசோதனையில் பார்ப்பது இரண்டு வைரஸ்களை: பூனை இரத்தப்புற்று வைரஸ், பூனை நோயெதிர்ப்புக் குறைபாட்டு வைரஸ். சில துளி இரத்தம் போதும். கிளினிக்கிலேயே பத்து நிமிடம் சொச்சத்தில் முடிவு தெரியும். இரண்டையும் ஒன்றுபோலப் படிக்கக் கூடாது. முதலாவது எச்சில் வழியாக, ஒன்றையொன்று நக்குவதிலும் கிண்ணம் பகிர்வதிலும் பரவும். அந்தப் பூனை வேறு பூனை இல்லாத வீட்டுக்கோ, அதே வைரஸ் உள்ள பூனை இருக்கும் வீட்டுக்கோதான் போக வேண்டும். இரண்டாவது பெரும்பாலும் ஆழமான கடி வழியாகவே தொற்றும். அது உள்ள பூனை சண்டை போடாத பூனைகளோடு பல ஆண்டுகள் நலமாக இருக்கும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு இந்த இரண்டாவது வைரஸுக்கான பரிசோதனையில் தொற்று என்று வந்தால் பதற வேண்டாம்: தாயின் எதிர்ப்புப் புரதங்களைத்தான் அந்தக் கருவி பார்த்திருக்கக்கூடும். ஆறு மாதம் தாண்டியபின் மறுபடி பார்க்க வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் இரண்டையும் ஒரே காரணம் சொல்லி மறுக்கும் சேவையை நாங்கள் நம்பமாட்டோம்.

பலர் மறந்துபோவது படர்தாமரை. இத்தனை பூனை உள்ள வீட்டில் ஒன்றுக்கு வந்தால் மற்றவையும் சந்தேகப் பட்டியலில் சேரும். அந்தப் பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு இரண்டு மூன்று வாரம் வரை பிடிக்கும். சிகிச்சைக்கு மேலும் பல வாரம். வித்துகள் போர்வையிலும் சீப்பிலும் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும், மனிதருக்கும் தொற்றும். காதோரத்தில் முடி உதிர்ந்த வட்டம் தெரிந்தால் முதல் வாரத்திலேயே காட்டுங்கள். பத்தாவது வாரத்தில் தெரிந்தால் எல்லாச் சேவைகளின் கதவும் ஒரே நாளில் மூடிவிடும்.

ஒன்பதையும் ஒரே நாளில் கிளினிக்குக்குக் கொண்டுபோவதும் வேண்டாம், ஒவ்வொன்றாகவும் வேண்டாம். மருந்து வாசனையோடு தனியாகத் திரும்பும் பூனையை வீட்டிலிருப்பவை அடையாளம் தெரியாமல் சீறும். சில சமயம் பழைய நட்பே முறிந்துவிடும். ஒட்டித் திரியும் இரண்டு மூன்றைச் சேர்த்து, ஆளுக்கொரு கேரியரில் (பயணப் பெட்டியில்) கொண்டுபோய், திரும்பியதும் சில மணி நேரம் தனி அறையில் வைத்துவிட்டு வெளியே விட்டால் இந்தத் தொல்லை குறையும்.

காப்பகம்

காப்பகங்களில் இரண்டு வகை. யார் கொண்டுவந்தாலும் சேர்த்துக்கொள்வது ஒன்று. இடம் இருந்தால் மட்டும் சேர்ப்பது மற்றது. முதல் வகையில் இடம் நிரம்பினால் கருணைக்கொலைக்கு வாய்ப்பு உண்டு. இரண்டாம் வகை கொல்லாது என்று பெயர் வாங்கியிருக்கும். ஆனால் கடினமான பூனையை வாசலிலேயே மறுத்துவிடும். எது நல்லது எது கெட்டது என்று பிரிப்பதில் பயனில்லை. உங்கள் கூட்டத்தில் எந்தப் பூனைக்கு எது பொருந்தும் என்பதுதான் கேள்வி.

ஒன்பதையும் ஒரே நாளில் காப்பகத்தில் விடுவதைத்தான் நாங்கள் கடுமையாக எதிர்க்கிறோம். காரணம் உணர்ச்சி அல்ல, நோய். மூக்கொழுகலுக்குக் காரணமான ஹெர்பிஸ் வைரஸ் ஒருமுறை தொற்றினால் பூனையின் உடலிலேயே அடங்கிக் கிடக்கும். மன அழுத்தம் வந்ததும் தலைதூக்கும். புது இடம், புது வாசனை, நாய்க் குரைப்பு எல்லாம் சேர்ந்த முதல் வாரத்தில் ஒன்று தும்மத் தொடங்கினால் மற்றவையும் தொடரும். தும்மும் பூனையைத் தத்தெடுப்புப் பகுதியில் வைக்கமாட்டார்கள். தனிமைக் கூண்டுக்குப் போகும். தங்கும் நாள் நீளும். நாள் நீள நீள அழுத்தமும் கூடும். வாரத்துக்கு இரண்டு என்று பிரித்துச் சேர்க்க ஒப்புக்கொள்ளும் காப்பகம் இதைப் புரிந்துகொண்ட காப்பகம்.

உள்ளே போய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள். பார்க்க வேண்டியது தரையின் பளபளப்பை அல்ல, கூண்டுக்குள் ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி இருக்கிறதா என்பதை. நெதர்லாந்தில் காப்பகப் பூனைகளை வைத்து நடத்தி 2014-ல் வெளியிட்ட ஆய்வில், அட்டைப்பெட்டி போன்ற ஒளிவிடம் கிடைத்தவை கிடைக்காதவற்றைவிட விரைவில் அமைதியடைந்தன. வேறுபாடு மூன்றாம் நான்காம் நாளிலேயே தெரிந்தது. ஒரு அட்டைப்பெட்டிக்குப் பெரிய செலவில்லை. அதைக்கூட வைக்காத இடத்தில் மற்றவை எப்படி இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். அடுத்து, லிட்டர் பாக்ஸுக்கும் உணவுக் கிண்ணத்துக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா பாருங்கள். மலம் கழிக்கும் இடத்தின் பக்கத்தில் கிண்ணத்தை வைத்தால் சில பூனைகள் தின்னாது. கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் தின்னாமல் கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகும். அதனால் "எது எவ்வளவு தின்றது என்று தினமும் எழுதிவைக்கிறீர்களா?" என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில், அவர்கள் காட்டும் சான்றிதழ்களைவிடப் பெரிது.

குட்டிகள், இளம் பூனைகள், ஆள் பழகியவை: இவற்றுக்குக் காப்பகம் பரவாயில்லை. கூச்சப் பூனைக்கும் கிழட்டுப் பூனைக்கும் வேண்டாம். கூண்டுக்குள் சுருண்டு சுவரைப் பார்த்தபடி கிடக்கும் பூனையை வருகிறவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நேரடிப் பட்டியல் சேவை

பூனை பழைய வீட்டிலிருந்து நேராகப் புது வீட்டுக்குப் போகிறது. நடுவில் கூண்டு இல்லை. எங்கள் முதலிடத்துக்குக் காரணம் இதுதான். ஆனால் எல்லாப் பட்டியல் சேவையும் ஒன்றல்ல. நல்லதில் இருக்க வேண்டியவை: சிப், கருத்தடை, பரிசோதனை முடிவு எழுதத் தனித்தனிக் கட்டங்கள்; முகவரியையும் தொலைபேசி எண்ணையும் மறைத்து உள்ளேயே பேசும் வசதி; எடுக்க விரும்புபவர் நிரப்பும் விண்ணப்பம்; ஒப்பந்த மாதிரி; பிரிக்கக் கூடாத ஜோடியை ஒரே பதிவாகப் போடும் வழி. கடைசியாகச் சொன்னது இல்லாத இடங்களில் ஜோடிகள் உடைகின்றன. இரண்டு பதிவு போட்டால் அழகானதற்கு மட்டும் விண்ணப்பம் வரும், அப்போது "சரி, ஒன்றாவது போகட்டும்" என்று மனம் இளகிவிடும். இன்னொரு குறை: குறிப்பிட்ட நாள் கழித்துப் பதிவு சத்தமில்லாமல் மறைந்துவிடும் சேவைகள் உண்டு. விண்ணப்பம் ஏன் வரவில்லை என்று யோசித்துக்கொண்டே இரண்டு வாரம் போய்விடும். புதுப்பிக்கும் தேதியைக் குறித்து வையுங்கள்.

படம் எடுப்பதைப் பொருள்களைப் பெட்டிகட்டத் தொடங்குமுன் முடித்துவிட வேண்டும். அட்டைப்பெட்டிகள் அடுக்கப்பட்டு, டேப் கிழியும் சத்தம் கேட்கத் தொடங்கியதுமே பாதிப் பூனைகள் ஒளிந்துகொள்ளும். மீதியின் கண்மணி விரிந்து காது பின்னால் சாயும். அந்த முகத்தைப் படத்தில் பார்ப்பவர் "முரட்டுப் பூனை போலிருக்கிறது" என்று தாண்டிவிடுவார். பார்க்க வருபவர்களையும் அதற்கு முன்பே வரவழைத்துவிடுவது நல்லது. ஜன்னல் வெளிச்சத்தில், பூனையின் கண்மட்டத்துக்குக் கேமராவை இறக்கி, பின்னணியில் வேறு பூனை இல்லாமல் எடுங்கள். பின்னால் நான்கைந்து பூனை தெரியும் படம் பூனையைப் பற்றி அல்ல, வீட்டைப் பற்றித்தான் பேசும். கறுப்புப் பூனையை வெளிர் துணிமேல் வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தால்தான் முகம் தெரியும்.

விவரம் எழுதும்போது காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்கிற மனதை ஓரமாக வைக்க வேண்டும். "மிகவும் அன்பானது" என்பதில் செய்தி இல்லை. "தூக்கினால் பிடிக்காது; பக்கத்தில் உட்கார்ந்தால் தலையால் முட்டும்; நகம் வெட்ட இரண்டு பேர் வேண்டும்; நாயைக் கண்டால் ஓடும்" என்பதில் இருக்கிறது. குறையை மறைத்தால் பூனை திரும்பி வரும், அதுவும் வண்டி புறப்படும் வாரத்தில். சிறுநீர் தெளிக்கும் பழக்கம் இருந்தால் எங்கே, எப்போது, மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். ஒரு நுட்பம் இங்கே உண்டு: ஒன்பது பூனை நெருக்கியடிக்கும் வீட்டில் தெளிப்பது, ஒரே பூனையாக இருக்கும் வீட்டில் நின்றுபோகக்கூடும். மற்றவை மிரட்டியதால் கட்டிலடியில் வாழ்ந்த பூனை தனி வீட்டில் சோபாவில் படுக்கும். அதனால் "இங்கே இப்படி நடந்துகொள்கிறது" என்று மட்டுமே எழுதலாம். "இதன் குணமே இது" என்று எழுதக் கூடாது. கடுவன் அடிக்கடி முக்கிச் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கழித்தால் அது குணமும் அல்ல, பழக்கமும் அல்ல. சிறுநீர்ப்பாதை அடைப்பாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

விண்ணப்பங்களைச் சலிக்க நீளமான கேள்வித்தாள் தேவையில்லை. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டாரா. ஜன்னலுக்கும் பால்கனிக்கும் வலை உண்டா. இதற்கு முன் வளர்த்த பூனை என்ன ஆயிற்று. ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள். எந்த மருத்துவரிடம் காட்டுவார்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில் ஆள் யார் என்று தெரிந்துவிடும். பழைய பூனை கிழடாகிச் செத்தது என்பவரும், "எங்கேயோ போயிற்று" என்று மூன்று பூனைகளைப் பற்றிச் சொல்பவரும் ஒன்றல்ல.

இலவசமாகக் கொடுக்கலாமா என்பதில் கருத்து இரண்டுபட்டுக் கிடக்கிறது. கட்டணம் இல்லாமல் எடுத்தவர்களையும் கொடுத்து எடுத்தவர்களையும் ஒப்பிட்டு 2009-ல் வெளிவந்த ஆய்வில், பூனையின் மேல் வைத்திருக்கும் பற்றில் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அது காப்பகம் வழியாகப் பூனை எடுத்தவர்களைப் பற்றியது. எதுவும் கேட்காமல் "இலவசம்" என்று மட்டும் போடும் பதிவுக்கு, வாங்கி விற்பவர்களும் வருவார்கள். எங்கள் பரிந்துரை: கட்டணத்தைச் சல்லடையாக நம்பாதீர்கள், கேள்விகளை விடாதீர்கள், முடிந்தால் பூனையை நீங்களே அவர்கள் வீட்டில் கொண்டுபோய் விடுங்கள். "வேண்டாம், பாதி வழியில் நின்று வாங்கிக்கொள்கிறேன்" என்பவருக்குக் கொடுக்க வேண்டாம்.

மற்றவை

முதலில் பழைய காகிதங்களைத் தேடுங்கள். பூனைகளில் சில காப்பகத்திலிருந்தோ இனவிருத்தியாளரிடமிருந்தோ வந்திருந்தால், வைத்துக்கொள்ள முடியாதபோது தங்களிடமே திருப்ப வேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். ஒன்பது ஏழாகக் குறைய இதைவிடக் குறுக்குவழி இல்லை.

தற்காலிக வளர்ப்பாளர் குழு கூச்சப் பூனைக்கும் தாயும் குட்டிகளுக்கும் மிகப் பொருத்தம். குட்டி மனிதரைப் பழகும் பருவம் இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை. அதைக் கூண்டில் கழிக்கக் கூடாது. எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கவும் கூடாது. பன்னிரண்டு என்றால் இன்னும் நல்லது. வளர்ப்பாளரிடம் கேட்க வேண்டிய ஒரே கூர்மையான கேள்வி: கடந்த ஓராண்டில் அந்த வீட்டில் குட்டிகள் வாந்தி பேதியோடு திடீரென்று செத்தனவா? குட்டிகளை அப்படிக் கொல்லும் பான்லூகோபீனியா வைரஸ் வீட்டுக்குள் ஓராண்டு வரை தாக்குப்பிடிக்கும். சாதாரணத் தரைக் கழுவிகளுக்கு அசையாது. தடுப்பூசி முடியாத குட்டியை அங்கே விடக் கூடாது. குழுவின் குறை, இடம் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாதது. முதல் வாரத்திலேயே பெயரைப் பதிந்துவிடுங்கள்.

மனிதர் தொட விடாத பூனைக்குக் கொட்டகைப் பூனைத் திட்டம் நியாயமான இடம், சில நிபந்தனைகளோடு: எலி பிடிக்கட்டும் என்று பட்டினி போடாமல் தினமும் தீனியும் தண்ணீரும், வாகனம் அதிகம் ஓடாத சாலை, குறைந்தது இரண்டு பூனை சேர்த்து. முக்கியமானது அடைப்புக்காலம். புது இடத்தில் மூன்று நான்கு வாரம் பெரிய கூண்டிலோ பூட்டிய அறையிலோ வைத்துத்தான் திறந்துவிட வேண்டும். கொண்டுவந்த அன்றே திறந்துவிட்டால் பழைய வீட்டைத் தேடிப் போய்விடும், அங்கேயும் போய்ச் சேராது. இந்த அடைப்புக்காலத்தைப் பற்றிப் பேசாத திட்டத்துக்குக் கொடுக்காதீர்கள்.

"எல்லாவற்றையும் நானே எடுத்துக்கொள்கிறேன்" என்பவர் மாறும் அவசரத்தில் தெய்வம்போலத் தெரிவார். சில சமயம் உண்மையிலேயே நல்லவராகவும் இருப்பார். ஆனால் ஏற்கெனவே எத்தனை பூனை, எத்தனை லிட்டர் பாக்ஸ், மாதம் எவ்வளவு தீனி என்ற மூன்று கேள்விக்கும் எண்ணால் பதில் சொல்ல முடியாதவரிடம் ஒன்றைக்கூடக் கொடுக்க வேண்டாம். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு பாக்ஸ் கூடுதல் என்பது கணக்கு. இருபது பூனைக்கு நான்கு பாக்ஸ் வைத்திருப்பவரிடம் உங்கள் ஒன்பதும் போனால் என்ன நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஒப்படைக்கும் நாள்

கேரியரில் மேல்பாதி கழலும் கெட்டி பிளாஸ்டிக் வகைதான் எங்கள் தேர்வு. பயந்த பூனையை வாசல் வழியே இழுக்காமல் மூடியைக் கழற்றி எடுக்கலாம். மருத்துவரும் கீழ்ப்பாதியில் வைத்தே பார்ப்பார். ஜிப் வைத்த துணிப் பை அமைதியான பூனைக்கு மட்டும். மிரண்டது ஜிப்பை நகத்தால் நெம்பித் திறந்துவிடும். இரண்டு வாரம் முன்பே கேரியரைக் கதவு திறந்தபடி தரையில் போட்டு, தீனியை உள்ளேயே வையுங்கள். ஜோடி என்றாலும் பூனைக்கு ஒரு கேரியர். மிரட்சியில் பக்கத்தில் இருப்பதைத்தான் கடிக்கும். பயண நடுக்கம் கடுமையாக உள்ள பூனைக்கு முன்கூட்டியே தரும் மாத்திரைகள் உண்டு. அளவை மருத்துவர் எடை பார்த்துச் சொல்ல வேண்டும். மனித மருந்தைக் கை வைத்தியமாகக் கொடுக்கக் கூடாது. பாரசிட்டமால் பூனைக்கு விஷம்.

கூடவே கொடுத்தனுப்ப வேண்டியது: இரண்டு வாரத்துக்கான அதே தீனி, அதே லிட்டர் மணல், துவைக்காத ஒரு போர்வை, மருத்துவக் கோப்பு. போர்வையைத் துவைத்துக் கொடுப்பது நல்ல எண்ணத்தில் செய்யும் தவறு. அதிலிருக்கும் சொந்த வாசனைதான் அந்தப் பூனைக்குப் புது வீட்டில் தெரிந்த ஒரே பொருள். வாங்குபவரிடம் சொல்ல வேண்டியது: முதல் சில நாள் ஒரே அறை, ஒளிந்தால் இழுக்காதீர்கள், ஒரு நாள் முழுக்கத் தின்னாவிட்டால் மருத்துவரைக் கூப்பிடுங்கள், மூன்று வாரத்துக்கு வெளியே விடாதீர்கள், வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால் மூடிய கதவுக்கு இருபுறமும் வாசனை பழகிய பின்பே முகம் காட்டுங்கள்.

வரிசையையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். பதிவு போடுவதைக் கடினமானவற்றிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் அவற்றுக்கு நாள் அதிகம் தேவை. குட்டிகளைக் காட்டிக் கிழட்டுப் பூனையையும் சேர்த்துத் தள்ளிவிடும் தந்திரம் வேண்டாம். அப்படிப் போன கிழடு திரும்பி வரும், அல்லது வராமலே போகும். எட்டாவது வாரத்தில் ஒன்றிரண்டு மிஞ்சினால் அவற்றை உங்களோடு அழைத்துப்போகும் செலவைக் கணக்குப் போடத் தொடங்குங்கள். நோயுள்ள பதின்மூன்று வயதுப் பூனைக்குப் பல நேரங்களில் அதுவே சரியான வழி.

சிப் விஷயத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் இருக்கும் அந்த அரிசிமணி அளவு சில்லில் பதினைந்து இலக்க எண் மட்டுமே உண்டு. பெயரும் தொலைபேசியும் பதிவேட்டில்தான் இருக்கும். பூனை கைமாறினாலும் பதிவேடு தானாக மாறாது. வீடு மாறும்போது உங்கள் எண்ணும் மாறக்கூடும். மூன்று மாதம் கழித்து அந்தப் பூனை தொலைந்து யாரோ சிப்பை வாசித்தால், அழைப்பு உபயோகத்தில் இல்லாத எண்ணுக்குப் போகும். வாங்குபவர் வாசலிலேயே, கேரியர் கதவைத் திறக்குமுன், இருவரும் சேர்ந்து பதிவேட்டில் உரிமையாளர் பெயரை மாற்றிவிடுங்கள். உறுதிச் செய்தி வந்ததைப் பார்த்த பிறகு கதவைத் திறக்கலாம்.